ஆறாம் அறை மணி

சமூக நலத் துறையிலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து, முதியோர் இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரிய சிஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. முதியோர் இல்லத்தின் பராமரிப்புத் தரத்தை மதிப்பிட எங்கள் அதிகாரி வருவார் என்று இரண்டே வரி. என்றைக்கு என்று போடவில்லை. போட்டால் கை தேய்ந்தா போய்விடும்? போடமாட்டார்கள். சொல்லாமல் வந்து நின்றால்தான் உண்மை தெரியுமாம்.

மொத்தம் நூறு மார்க். அறுபதுக்கு ஒன்று குறைந்தாலும் உரிமம் ரத்து. இல்லத்தை மூடி, அங்கிருக்கும் பதினாலு பேரையும் எங்கெங்கே கட்டில் காலியோ அங்கங்கே பிரித்து அனுப்பிவிடுவார்கள். எண்பது வயதில் ஒரு மனுஷரைப் பிடுங்கி இன்னோர் ஊரில் நட்டால் வேர் பிடிக்குமா? பிடிக்காது. அப்படிப் போன இரண்டு பேரைப் பெரிய சிஸ்டர் பார்த்திருக்கிறாள். இரண்டு பேருமே ஆறு மாதம் தாண்டவில்லை.

நான்கு நாள் அவள் இல்லத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். மெத்தைகளை வெயிலில் போட்டாள். மருந்து அலமாரியை மூன்று தரம் எண்ணினாள். பினாயில் வாடை தாங்காமல் நாலாம் அறைப் பாட்டையா, "ஏம்மா, எங்களை வாழ வைக்கிறியா, பதப்படுத்தி வைக்கிறியா?" என்று கேட்டார். சமையல்காரியையும் உதவியாளர் இருவரையும் நிறுத்தி வைத்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"கட்டில் பக்கத்து மணி அடிச்சா ஓடணும். கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு ஓடணும். மணிக்கு மட்டும் இருபது மார்க்கு!"

"பால் பொங்கிக்கிட்டு இருந்தாக்கா?" என்றாள் சமையல்காரி.

"பொங்கட்டும்."

ஐந்தாம் நாள் அதிகாரி அம்மா வந்தாள். ஒல்லியான உருவம், காதில் பென்சில், கையில் நாற்பது கேள்வி உள்ள படிவம். வந்த வேகத்தில் குழாய்த் தண்ணீரில் வெப்பமானியை விட்டாள், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தாள், வாசலில் சக்கர நாற்காலியில் தானே உட்கார்ந்து உருட்டிப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்குள் உதவியாளர்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் மார்க்கு விஷயத்தில் கை கொஞ்சம் தாராளமாகத்தான் இருந்தது. பெரிய சிஸ்டர் ஓரக்கண்ணால் கூட்டிக்கொண்டே வந்தாள். மணி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முடிந்தபோது ஐம்பத்தேழு. மணிக்குப் பாதி மார்க் வந்தாலே போதும், கரை ஏறிவிடலாம்.

ஆறாம் அறைக்குள் நுழைந்தார்கள். அது டீச்சரின் அறை. பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருடம் ஆகியும் பள்ளிக்கூடம் டீச்சரை விடவில்லை.

"உங்க மணியை அழுத்திப் பார்க்கப் போறேன். யார் எவ்வளவு நேரத்துல வர்றாங்கன்னு ஒரு பரீட்சை. சிஸ்டர், நீங்க இங்கேயே நில்லுங்க. சத்தம், சைகை ஒண்ணும் கூடாது," என்றாள் அதிகாரி.

பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

அதிகாரி லிஃப்ட் பொத்தானையே இரண்டு தரம் அழுத்துகிற ரகம். மணியையும் அப்படியே அழுத்தினாள். டிங், டிங்.

பெரிய சிஸ்டருக்கு உயிர் பாதி போய்விட்டது.

காரணம் ஒன்பதாம் அறையில் இருக்கும் கண்டக்டர். முப்பத்து நாலு வருடம் பஸ்ஸில் நின்றவர். அவர் வந்து சேர்ந்த காலத்தில் இந்த இல்லத்தில் காலையிலிருந்து மாலை வரை மணி ஓயாது. உதவியாளர்கள் ஓடிப்போய் என்ன என்று கேட்டால், பாதிப் பேர் ஒன்றுமில்லை, சும்மா என்பார்கள். ஓடினவர்களுக்கு முழங்கால் தேய்ந்தது. நிஜமாகவே ஒருநாள் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணி அடித்தபோது, இதுவும் சும்மாதான் என்று தாமதமாகப் போனார்கள். அன்றைக்குக் கண்டக்டர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துச் சட்டம் போட்டார். ஒரு மணி அடித்தால் வண்டி நிற்கணும், உடனே வரணும். இரண்டு மணி என்றால் எல்லாம் நலம், வண்டி போகலாம். இரண்டு மணி கேட்டால் எங்கிருந்தாலும் பதில் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒற்றை மணிக்கு அரை நிமிஷத்துக்கு மேல் யாரும் தாமதித்ததில்லை.

இப்போது பூதக்கண்ணாடி அடித்தது இரண்டு மணி. சமையலறையிலிருந்து கணீரென்று பதில் வந்தது.

"போலாம் ரைட்!"

அதிகாரி புருவத்தைத் தூக்கினாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பெரிய சிஸ்டர் ஊமை கண்ட கனவாக நின்றாள். மெல்ல ஒரு இருமல் இருமிப் பார்த்தாள். டீச்சர் முறைத்தாள். டீச்சரின் ஆட்சியில் அதற்குப் பெயர் காப்பி அடிப்பது.

நாலாவது நிமிஷம் அதிகாரி மறுபடியும் அழுத்தினாள். டிங், டிங்.

"போலாம் ரைட்!" இந்தத் தடவை உதவியாளரின் குரல். குரலோடு நிற்காமல், துணிக்கூடையோடு அந்தப் பக்கம் போனவள் கதவருகே எட்டிப் பார்த்து, டீச்சரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, கையசைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். டீச்சர் பதிலுக்கு அசையக்கூட இல்லை. ஒழுக்கம் என்றால் ஒழுக்கம்.

பத்தாவது நிமிஷம் அதிகாரி படிவத்தில் எழுதினாள். பெரிய முட்டை.

"இருபதுக்கு சைபர். மணி அடிச்சா கேலி வேற பண்றாங்க. மொத்தம் ஐம்பத்தேழு. மன்னிச்சுக்குங்க சிஸ்டர்."

அடைத்து வைத்திருந்த வாயைப் பெரிய சிஸ்டர் திறந்தாள். கண்டக்டர், பஸ், வழுக்கி விழுந்தவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. டீச்சரிடம், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்!" என்றாள்.

"பரீட்சை நேரத்துல பேசினா பேப்பரைப் பிடுங்கிடுவாங்க," என்றாள் டீச்சர்.

சத்தம் கேட்டு ஊன்றுகோலோடு கண்டக்டர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். அதிகாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, டபுள் பெல் அடிச்சுட்டு வண்டி நிக்கலைன்னா, தப்பு டிரைவர் மேலயா?"

"ஐயா, இதெல்லாம் எழுத்துல இருக்கா?"

"எந்த பஸ்ஸுல எழுதி மாட்டியிருக்கு? ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க கார்ல போறவங்க போல."

பெரிய சிஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கெடுக்கிற காரியத்தை இவர் ஒருவரே பார்த்துக்கொள்வார். "இன்னொரு தரம், ஒரே மணி அடிச்சுப் பாருங்க மேடம். கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"மணிச் சோதனை ஒரு தடவைதான், சிஸ்டர். சட்டம். இதுல நான் எழுதினதை நானே அழிக்க முடியாது." அவள் குரலிலும் சந்தோஷம் இல்லை. பென்சிலைக் காதில் செருகப் போனவள் நிறுத்தினாள். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. உதவி வேணும்னா ஒரு மணி, சரி. ஒண்ணும் வேண்டாம்னா மணியே அடிக்காம இருக்கலாமே? இந்த ரெண்டு மணி எதுக்கு?"

கண்டக்டர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார்.

"பஸ்ஸுல இருந்தப்போ ஒரு நாளைக்கு ஆயிரம் பேர்கிட்ட பேசுவேன்மா. சாயங்காலம் வந்தா, சாப்பிட்டீங்களான்னு கேக்க வீட்டுல ஆள் இருந்துச்சு. இப்போ அவ இல்லை. உடம்பு சரியில்லைன்னா ஓடி வர இங்க ஆள் இருக்கு. குறையே இல்லை. ஆனா நல்லா இருக்கேன்னு யார்கிட்ட சொல்றது? அதுக்காக ஒருத்தரைக் கூப்பிட்டு நிக்க வைக்க முடியுமா? பாவம், அவங்களுக்கு வேலை இருக்கு. அதான் ரெண்டு மணி. நான் இருக்கேன்னு சொல்றேன். சரி, கேட்டுச்சுன்னு அவங்க சொல்றாங்க. அது போதும்."

எத்தனையோ நாள் அடுப்படிக் குரலைக் கேட்டிருந்தும், அது இன்னதென்று பெரிய சிஸ்டருக்கே இப்போதுதான் விளங்கியது. முழங்காலுக்கு நல்லது என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

அதிகாரி படிவத்தைப் பின்னோக்கிப் புரட்டினாள். முப்பத்தொன்றாம் கேள்வியில் நின்றாள். சத்தமாகப் படித்தாள். "இல்லத்தின் நடைமுறைகளை வகுப்பதில் குடியிருப்போருக்குப் பங்கு உண்டா? ஐந்து மார்க். கூட்டக் குறிப்பேடு எதுவும் இல்லைன்னு காலையில இதுக்கு சைபர் போட்டேன்."

"கூட்டம் போட்டோம் மேடம். எழுதி வைக்கத்தான் தோணலை," என்றாள் பெரிய சிஸ்டர்.

"மணிச் சோதனையைத்தான் மாத்தக்கூடாது. மத்த கேள்விக்கு நேர்ல பார்த்த சாட்சி இருந்தா மாத்தலாம். காரணம் எழுதணும்." கதவருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்து, சைபரை அடித்துவிட்டு ஐந்து போட்டாள். பிறகு நிறைய நேரம் எழுதினாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கையெழுத்துப் போட்டு நகலைக் கிழித்துக் கொடுத்தாள். "மணி விதியை எழுதி ஒவ்வொரு அறையிலயும் மாட்டுங்க. என்னை மாதிரி கார்ல போறவங்களும் வருவாங்க." கண்டக்டருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்து போனாள்.

"எவ்வளவு?" என்றார் கண்டக்டர்.

"அறுபத்திரண்டு."

"நூத்துக்கா? சீ," என்றாள் டீச்சர். "என் கிளாஸ்ல இதுக்கு பெஞ்சு மேல ஏத்துவேன்."

பெரிய சிஸ்டருக்கு அது காதில் விழவில்லை. அவள் நகலின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்துக்குள், இடம் போதாமல் ஓரத்தில் வளைந்து ஏறிய எழுத்தில் இருந்தது: "இந்த இல்லத்தில், ஒன்றும் தேவைப்படாதவர்களுக்கும் பதில் கிடைக்கிறது."

நான்கு நாளாக அணை போட்டு வைத்திருந்த அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எட்டிப் பார்த்த சமையல்காரி, இல்லம் மூடியாயிற்று என்றே முடிவு கட்டி, "ஐயோ, பாலைக்கூட பொங்க விட்டுட்டு ஓடி வந்தேனே அக்கா!" என்று கூடச் சேர்ந்து ஒப்பாரி வைத்தாள். கண்டக்டர் இரண்டு பேரையும் அதட்டினார். அதட்டியபடியே தன் துண்டை எடுத்துப் பெரிய சிஸ்டரிடம் நீட்டிவிட்டு, அவள் அழுது முடிக்கிறவரை அங்கேயே நின்றார்.