செல்வகுமாரியின் முறை

ஐம்பத்தொரு வயதில் அரங்கநாதனுக்கு வந்த ஆசையைக் கேட்டால் ஊரே சிரிக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த சித்தப்பா எண்பத்தெட்டாம் வருஷம் கொண்டுவந்து கொடுத்த பழைய கம்ப்யூட்டரை மறுபடி ஓடவைக்க வேண்டும். டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு விளையாட்டை ஏற்றுகிற ரகம். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாதமாகப் பாகூருக்கும் மதகடிப்பட்டு மெக்கானிக் கடைக்கும் அலைந்ததில் பாதி உயிர் பஸ்ஸிலேயே போய்விட்டது.

மனைவியை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துப்போன இரண்டு வருஷம், அவள் போன பிறகு ஒரு வருஷம். ஆள் சக்கையாகியிருந்தான். கவலையில்லாமல் கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்தால், தங்கை செல்வகுமாரியோடு அந்த டிவி முன்னால் உட்கார்ந்த சாயங்காலங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் அவனுக்கு.

ஒருவழியாக அது ஓடத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை கரிக்கலாம்பாக்கத்திலிருந்து அவளை வரவழைத்தான். வந்தவள் யாரும் சொல்லாமலே டேப் ரெக்கார்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சவுண்டு இன்னும் கொஞ்சம் வெச்சாதான்ணா ஏறும்."

கேசட் ஐந்து நிமிடம் கீச்சிட்டது. திரையில் ஏணியும் குட்டி மனிதனும் வந்ததும் அரங்கநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஏறினான், விழுந்தான், மறுபடி ஏறினான். வாய்விட்டுச் சிரித்தான்.

"எவ்ளோ ஆடியிருப்போம்டி நாம!"

"நீ ஆடின."

"இன்னாடி சொல்ற? ரெண்டு பேருந்தான ஆடுவோம்?"

"நான் கேசட்டு போடுவேன். ஏறலன்னா திருப்பி சுத்துவேன். அடுத்தது உன் முறைதான்னு சொல்லுவ. அதுக்குள்ள மாடு கட்டச் சொல்லி அம்மா கூப்டுவாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தச் சாயங்காலங்களையெல்லாம் மனதுக்குள் துழாவிப் பார்த்தான். எதிலும் அவள் கை கீபோர்டில் இல்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"இப்ப நீ ஆடு."

"மணி அஞ்சரை ஆவுது. மாமியாருக்கு மாத்திர குடுக்கணும்ணா."

"அப்ப அடுத்த வாரம் வா. நான் கேசட்டு போடறேன்."

செல்வகுமாரி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அண்ணன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"வேணாம்ணா," என்றாள். "ஆடணும்னு எனக்கு அப்பதான் இருந்துச்சு."