கடைசிப் பேர்

கண்டெய்னர் யார்டு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கண்டாலே ஜானட்டுக்கு எரிச்சல். பின்னே? அதை அடித்தால் கிரேன் நிற்கணும், ஒவ்வொரு ஆளும் தன் பேரைக் கத்தணும், கடைசிப் பேர் கேட்ட பிறகுதான் கண்டெய்னர் பெட்டியைத் தூக்கணும். ஒருத்தன் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றால் மொத்த திருவொத்தியூரும் அவனுக்காகக் காத்துக் கிடக்கும்!

இப்போது அந்தப் பேஜாரு இல்லை. ஏறினால் போனில் ஒரு மெசேஜ், இறங்கினால் ஒரு மெசேஜ். ஆபீஸ் அறையில் ஜானட் அதைப் பார்த்து 'தூக்கு' என்று அமுக்குவாள். யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டாம். நல்லதாப் போச்சு என்று முதலில் சொன்னவளே அவள்தான்.

அன்றைக்கு அவள் புருஷன் நெல்சன் பெட்டி மேல் ஏறிக் கொக்கி மாட்டினான். 'இறங்கிட்டேன்' என்று மெசேஜ் வந்தது. அமுக்கினாள்.

அவனோடு வேலை செய்யும் லட்சுமணன் தண்ணி குடிக்க உள்ளே வந்தான்.

"அவரு எங்கடா?"

"மேலதான் கீறாரு. கொக்கி ஒண்ணு கயண்டுக்கிச்சி, திரும்ப ஏறிக்கினாரு. மெசேஜ் போட்டாரேக்கா, பாக்கல?"

அடப்பாவி! ஒன்றுமே வரவில்லையே. கிரேன்காரர் செல்வநாதனுக்கு 'நிறுத்து' என்று அனுப்பினாள். ஒற்றை டிக். போய்ச் சேர்ந்ததா, வழியில் கிடக்கிறதா, யாரைப் போய்க் கேட்பது? ஜன்னலுக்கு வெளியே சங்கிலி விறைக்க ஆரம்பித்திருந்தது.

ஓடினாள். செருப்பு எங்கேயோ போனது. அங்கே கிடந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து அந்தத் தண்டவாளத்தை அடி அடியென்று அடித்தாள். "மாதாவே, மாதாவே" என்று வாய் தானாகப் புலம்பியது.

கிரேன் நின்றது. பழைய பழக்கம் யாருக்கும் விட்டுப்போகவில்லை.

"லட்சுமணன்!"

"செங்கொடி!" கீழே வேலை செய்பவள் கத்தினாள்.

"செல்வநாதன்!"

அப்புறம் சத்தமே இல்லை. மெசேஜ் வராவிட்டால் நெட்டு சரியில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே எதைச் சொல்லித் தேற்றுவது? இங்கே பேர் வரவில்லையென்றால் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"நெல்சன்…"

பெட்டி மேலிருந்து, கம்மிப்போன குரல். சரிந்த பெட்டியில் சங்கிலியைக் கட்டிக்கொண்டு கிடந்தான். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம்.

இறக்கியதும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பேரச் சொல்ல இம்மா நேரமாய்யா?" அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அப்போதுதான் அவள் போன் சிணுங்கியது. நெல்சனிடமிருந்து மெசேஜ்: 'திரும்ப ஏறிக்கீறேன். தூக்காத.'

அனுப்பியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஜானட் போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா பேரச் சொல்லுய்யா," என்றாள்.