கூடைக்குள் அடித்த போன்

ஆராதனைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே போனை அணைத்துக் கூடையில் போட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டவளே வெர்னெல்தான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில், மேக்கன் நகரத்துக் கறுப்பர் சபை அது. வரவேற்புக் குழுவுக்கு அவள் தலைவி. வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து அவள் நின்றால் கைக்குழந்தைகூட அழ யோசிக்கும். ஆராதனை முடியும்வரை அந்தக் குழுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இடம் காலியா, விசிறி வேண்டுமா, எல்லாம் கைச்சாடைதான்.

அன்றைக்கு அவள் போனும் கூடைக்குள் கிடந்தது. "சட்டம் எங்களுக்கு மட்டுந்தானா சிஸ்டர்?" என்று போன வாரம் பாடற்குழுவில் யாரோ சீண்டியிருந்தார்கள். ரோஷம் வந்துவிட்டது. ஆனால் அதை அணைக்கவில்லை. அணைக்க முடியாது. அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரும். எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். "அடிச்சா நீ பாத்துக்கடி" என்று வாசலில் கூடையோடு நின்ற குழுத் தோழி ஒடெஸாவிடம் சொல்லியிருந்தாள்.

வெர்னெலுக்கு லூபஸ், உடம்பு தன்னைத்தானே கடித்துக் குதறும் நோய். முட்டி வீங்கிப் போனபோது எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரி ஹெய்டிக்கும் அதே நோய்தான். அவளுக்கு உடனே மருந்து தொடங்கினார்கள். இன்றைக்கும் ஏரியைச் சுற்றி ஓடுகிறாள். வெர்னெலுக்கோ நோய் சிறுநீரகம்வரை போய்விட்டது. ஹெய்டி நல்லவள், அவள்மேல் கோபமில்லை. கோபமெல்லாம் ஒரு கணக்கின்மேல். கறுப்பர் என்றால் சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் கொஞ்சம் கூட்டிப் போடுவது ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக இருந்தது. காகிதத்தில் அவள் சிறுநீரகம் தேவலை, உடம்பில்தான் இல்லை. அதனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவளைத் தாமதமாகவே சேர்த்தார்கள். பிறகு கணக்கு தப்பு என்று ஒத்துக்கொண்டு, வீணாய்ப் போன வருஷங்களை அவள் காத்திருப்பில் சேர்த்தார்கள். சட்டென்று வரிசையில் முன்னால் வந்துவிட்டாள்.

"திருடினதைத் திருப்பிக் குடுத்துட்டு, நன்றி சொல்வேன்னு எம்மூஞ்சியவே பாக்குறாங்க" என்றாள் ஒடெஸாவிடம். சொல்லிவிட்டு அழுதாள். சந்தோஷமும்தான்.

போதகர் பிங்க்னி நீண்ட ஜெபத்தின் நடுவில் இருந்தபோது கூடை அலறியது. கண்களை மூடியிருந்த எல்லாரும் திறந்தார்கள். யாருக்கு இன்றைக்கு வெர்னெலின் முறைப்பு கிடைக்கப்போகிறதோ என்று ஆவலாக அவளைத்தான் பார்த்தார்கள். அவள் திரும்பினாள். ஒடெஸா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாடை காட்டினாள். காணிக்கைத் தட்டுக்குச் சாடை உண்டு, மயங்கி விழுந்தவர்களுக்கு உண்டு. இதற்கு எந்தக் குழுவிலும் சாடை கிடையாது. இடுப்புக்குப் பின்னால் தட்டினாள், மேலே காட்டினாள், மறுபடி தட்டினாள். முதுகுவலிக்காரி டான்ஸ் ஆடுவதுபோல இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் சட்டத்தைக் காற்றில் விட்டாள்.

"அடியே வெர்னெல்! உன் கிட்னி லைன்ல இருக்குடி!"

ஆர்கன்காரர் இரண்டு கையையும் கட்டைகள்மேல் விட்டார். வெர்னெல் ஓடினாள். நடுப்பாதையில் யாரையும் வேகமாக நடக்கக்கூட விடாதவள், குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"ஜெபத்த முடிக்கட்டுமா சிஸ்டர்?" என்றார் போதகர்.

"நீங்க முடிங்க பாஸ்டர், நான் கெளம்புறேன்!"

போனில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். உடனே வர வேண்டும், எதுவும் சாப்பிடக் கூடாது, கடைசிப் பரிசோதனையில் பொருந்தாமலும் போகலாம். வெர்னெல் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். காரில் ஏறி உட்கார்ந்ததும்தான் உறைத்தது, எங்கேயோ ஒரு வீட்டில் இந்நேரம் அழுதுகொண்டிருப்பார்கள் என்று. பெயர் தெரியாத அந்த வீட்டுக்காக உதடு அசைந்தது.

"பொருந்தலன்னா என்னடி பண்றது?" என்றாள்.

"பொருந்தும். இல்லேன்னா நான் அதுகிட்ட பேசிக்கிறேன்" என்று ஒடெஸா வண்டியைக் கிளப்பினாள்.

சபையைத் தாண்டுவதற்குள்ளேயே சிக்னலில் சிவப்பு. ஒடெஸா வாய்க்குள் சபித்தாள். அதற்குள் ஊதா அங்கிகள் புல்வெளியைத் தாண்டிச் சாலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. பாடற்குழு முழுவதும் இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்து, இவர்கள் காருக்கு வழிவிட்டு நின்று கைதட்டிப் பாட, மறிக்கப்பட்ட லாரிக்காரர் ஒருவர் ஒன்றும் புரியாமலே தாளத்துக்கு ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்.