ஐந்தாவது கிழங்கு

எங்கள் பேராசிரியர் ஷால்வா பூவை நம்பமாட்டார். “கிழங்கைத் தோண்டி, தோல் வலைபோலப் பின்னியிருக்கிறதா என்று பார்க்காதவன் தாவரவியலாளன் அல்ல, காதலன்” என்பார். விருந்துகளில் இதற்குக் கோப்பைகள் உயரும்.

சென்ற ஏப்ரலில், போர்ஜோமி என்ற மலையூருக்கு மேலே பனி உருகிய புல்வெளியில், மாடு மேய்க்கும் மக்வாலா எனக்கு ஐந்து மஞ்சள் ஐரிஸ் பூச்செடிகளைக் காட்டினாள்.

“ஒண்ணுதான் எடுக்கணும், ரமாஸ் தம்பி.”

தலையாட்டினேன். அவள் போனதும் தோண்டினேன். முதல் கிழங்கை எலி கடித்திருந்தது. இரண்டாவதன் தோலை என் நகம் கிழித்தது. மூன்றாவதில் தண்டென்று நினைத்துப் பிடித்து இழுத்தேன், முறிந்தது. இந்த இனத்தில் அது தண்டல்ல, பூவின் குழல், சூல்பை மண்ணுக்குள் இருக்கும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். நான்காவது அருமையாக வந்தது. இன்னும் அருமையாக ஒன்று வேண்டுமென்று ஐந்தாவதையும் தோண்டினேன்.

இந்த ஏப்ரலில் கல்குவாரிக்கு அந்த வழியே ரோடு போட முடிவாயிற்று. அபூர்வச் செடி இருந்தால் போடமாட்டார்கள். பேராசிரியரையும் என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்த அதிகாரி கோச்சாவுக்கு மக்வாலா வெறும் புல்லைக் காட்டினாள்.

“இந்த வருஷம் குளிர் அதிகம்ங்க, ஒண்ணுகூடப் பூக்கல.”

நான் மண்டியிட்டுப் புல்லை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருட்டினேன். ஒன்று மட்டும் உருளவில்லை, நான்கு விளிம்பு, ஐரிஸின் இலை. தாய்க்கிழங்கிலிருந்து உதிர்ந்த குட்டி. பூக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

“எனக்குப் புல்லாத்தான் தெரியுது” என்றார் கோச்சா. “தோண்டிக் காட்டுங்க.”

பேராசிரியர் கத்தியை நீட்டினார். வாங்கினேன். மண்ணில் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

“ஆதாரம் என் அலமாரியில இருக்கு. காயவெச்ச செடி, கிழங்கோட. அஞ்சும்.”

“ஒண்ணுன்னு சொன்னியேடா” என்றார் பேராசிரியர்.

“எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.”

கோச்சா பேனாவைத் திறந்தார். “அஞ்சையும் இங்கதான் தோண்டினேன்னு எழுதிக் குடுங்க. ரோடு நிக்கும். உங்க வேலை நிக்குமான்னு தெரியாது.”

முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தேன்.

“பாவம் குளிர்” என்றாள் மக்வாலா. “பழியை அது தலையில போட்டேன்.”

அந்த ஒற்றை இலையைச் சுற்றிக் கற்களை அடுக்கினாள். உதவலாமென்று ஒரு கல்லுடன் போனேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சார்” என்றாள்.

தள்ளி நின்றேன்.

“இன்னும் தள்ளி.”