பழைய ரோட்டைச் சுரண்டு

மனித குல முன்னேற்றத்தில் அக்கறையுள்ள அனைவரும் எழுந்து நிற்கவும்: தியாகராய நகர் வேதபுரி குறுக்குத் தெருவுக்குப் புது ரோடு வருகிறது. கிட்டத்தட்ட இந்தத் தொனியில்தான் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ராமானுஜம் வாட்ஸப் குழுவில் அறிவித்தார். கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டின.

ரோடு கேட்டு மனு எழுதியது, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியது, வார்டு ஆபீசில் ஓடாத ஃபேனுக்கு அடியில் காத்திருந்தது எல்லாம் தெருமுனையில் ஜாக்கெட் துணிக் கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பம். தலைவர் பேனருக்கு போட்டோ கொடுத்தார். சங்கத்தில் இதற்கு வேலைப் பகிர்வு என்று பெயர்.

தங்கபுஷ்பம் கேட்டது வெறும் ரோடு அல்ல. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே தாரைக் கொட்டித் தெரு வளர்ந்துவிட்டது, கடை வளரவில்லை. ஒரு காலத்தில் படியேறிப் போன கடைக்கு இப்போது இறங்கித்தான் போக வேண்டும். போன மழையில் துணிக்கட்டுகள் மிதந்தன. இன்னொரு அடுக்கு தார் விழுந்தால், கடையைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊரான உடன்குடிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

பூஜை நாள். ரோலருக்கு மாலை போட்டாயிற்று. பூசணிக்காய் தயார். ராமானுஜம் மயில்கண் வேட்டியில் ஜொலித்தார். அவர் மனைவி சூடாமணியின் கையில் ஆரத்தித் தட்டு. சுரண்டும் மெஷினை மட்டும் காணோம்.

"மெஷின் எங்க தம்பி?" என்றார் தங்கபுஷ்பம்.

"ரிப்பேர்ல கீதும்மா," என்றார் சூப்பர்வைசர் வடிவேலு. "அப்டியே மேல போட்டா இன்னா இப்போ? தெரு ஒசரமா, கெத்தா இருக்கும்."

"தெரு கெத்தா இருக்கும். நான் உள்ள முங்கணுமாக்கும்?"

ராமானுஜம் தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்கோம்மா, பொது நன்மைன்னு வந்தா தனி மனுஷா கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."

"விட்டுக்குடுக்க இனி என்ன சார் கெடக்கு? வாசப்படி வரைக்கும் குடுத்தாச்சு."

தங்கபுஷ்பம் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து ரோலருக்கு முன்னால் போட்டார். உட்காரவில்லை. திரும்பிப் போய் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து நடுத்தெருவில் கவிழ்த்தார்.

தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பாதி, கடைப்பக்கம் ஓடியது. மீதி எதிர்ப்பக்கம் திரும்பி, மாக்கோலத்தைக் கடந்து, ராமானுஜத்தின் வீட்டுக்குள் அழைத்த விருந்தாளி மாதிரி நுழைந்தது.

"ஏன்னா! நம்மாத்துக்குள்ளன்னா போயிண்டிருக்கு!" என்றார் சூடாமணி.

"ஒரு குடம்தானே, விடு."

"மழை குடத்துலயா பெய்யும்? போன வருஷம் ஸ்வாமி ரூம்ல முழங்கால் ஜலம். ஃப்ரிட்ஜ் போச்சு. கேட்டா க்ளைமேட் சேஞ்ச்னேள்!"

சூடாமணி ஆரத்தித் தட்டை ரோலர் மேல் வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தங்கபுஷ்பம் தனக்கு இன்னொன்று எடுத்து வந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய், ஆளுக்கொரு நாற்காலியோடு திரும்பினார்கள்.

"மாமி, தார் ஆறிப்போவுது," என்று கெஞ்சினார் வடிவேலு.

"ஆறட்டும் தம்பி," என்றார் தங்கபுஷ்பம். "நாங்க ஆற மாட்டோம்."

பேனருக்குக் கீழே ராமானுஜம் தன் போட்டோவைவிடச் சிறியவராகத் தெரிந்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ கர்ஜித்தார்: "சுரண்டாம போட விடமாட்டோம்! தலைவர் பேசறேன்!" பெண்களைப் பார்த்து, "நம்ம போராட்டம்," என்றார். யாரும் அவருக்கு நாற்காலி கொடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ரிப்பேர் மெஷின் பூரண குணமாகி வந்து சேர்ந்தது. சுரண்டச் சுரண்ட, புதைந்துபோன கடைப்படி ஒன்று வெளியே வந்தது. தங்கபுஷ்பம் அதைத் தேய்த்துக் கழுவினார். பேனரும் மாறியது: 'மக்கள் சக்தியின் மாபெரும் வெற்றி'. போட்டோ அதேதான்.

ஐப்பசியில் மழை கொட்டியது. தண்ணீர் யார் வீட்டுக்குள்ளும் வரவில்லை. தெருவில் வடிகால் கிடையாது என்பதால், புது ரோட்டின் மேலேயே நின்றது.