உறுமாத நாய்

மகள் வளர்க்கும் வேட்டை நாய் நேற்றுக் காலை மருமகன் கையைக் கடித்துவிட்டது. அதன் சோற்றுத் தட்டை நகர்த்தக் குனிந்தார், அவ்வளவுதான். கையில் ஏழு தையல்.

இன்று நாயைக் கூட்டிக்கொண்டு மகளோடு நானும் கால்நடை டாக்டரம்மாவிடம் போனேன். படித்தவர்கள் பேச்சை நான் லேசில் நம்புகிறவன் இல்லை.

“ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர். இனிமே இத வீட்ல வெச்சுக்க முடியாது,” என்றாள் மகள்.

“கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா?”

“இல்லைங்க. இது உறுமவே உறுமாது.”

“வேட்டை இனம்மா. வாய்க்குக் கிடைச்சதை விட்டுக்குடுக்காது. கிட்ட வராதேன்னு முதல்ல உறுமும். உறுமாமலே கடிக்குதுன்னா, உறுமுறப்பல்லாம் யாரோ அடிச்சிருக்காங்க.”

என் தலையில் இடி விழுந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு, அது தட்டருகே உறுமும்போதெல்லாம் செருப்பால் மூக்கில் போட்டு அடக்கியவன் நான்தான். ‘எப்படித் திருத்திட்டேன் பாத்தியா’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டவனும் நான்தான்.

காலை நகர்த்தினேன். செருப்புச் சத்தம் கேட்டு நாய் மேசைமேல் ஒடுங்கியது. டாக்டரம்மா என் காலைப் பார்த்தார்.

“ஊசி வேணாம்மா. அடிச்சது நான்தான்,” என்றேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப யாருக்குப்பா ஊசி போடச் சொல்ல?” என்று கேட்டுவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.