படையலுக்கு வந்த பலா

புதூர்நாட்டில் தீர்த்தகிரி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். பலாக்காரர் வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள். என் வீட்டுக்காரருக்குத் தோப்பு ஏதும் இல்லை. பழத்தை விரலால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, நாளை சாயங்காலம் அறுங்கள் என்பார். சொன்னபடியே பழுத்திருக்கும். முதல் சுளை அவருக்கு.

சர்க்கரை வியாதி வந்ததும் அவர் சுகர்காரர் ஆகிவிட்டார். பார்த்தால் ஆசைப்படுவார், பாவம் என்று ஊரே அவரிடமிருந்து பழத்தை ஒளித்தது. சுளை வேண்டாம், தட்ட மட்டும் விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். கடைசிவரை யாரும் விடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆலங்காயத்திலிருந்து நாத்தனார் மங்கம்மாள் வந்தாள். அண்ணனுக்குப் படைக்க இலையில் பாகற்காய் வறுவல், கேழ்வரகு அடை, சர்க்கரை போடாத டீ எல்லாம் வைத்தாள். ஓரத்தில் மாத்திரை அட்டை. சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது என்று விளக்கமும் சொன்னாள்.

அந்த இலைக்கு யாரோ ஒரு நோயாளிதான் வருவார். என் வீட்டுக்காரர் வரமாட்டார். மகன் குணசீலனைப் பலாப்பழம் வாங்கிவர அனுப்பினேன்.

"அண்ணி, அண்ணனுக்கு சுகர் இருக்குது இல்ல?"

"செத்துப் போனவருக்கு இன்னா சுகர், மங்கம்மா?"

"போன எடத்துல ஆஸ்பத்திரி இருக்குதோ இன்னாவோ."

பழம் வந்தது. காரியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டு தட்டினார்கள். எல்லோரும் தலையைச் சாய்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. குணசீலன் துணிந்து அறுத்தான். சுத்தக் காய். பால் வடிந்து கத்தி கையோடும், கை புது வேட்டியோடும் ஒட்டிக்கொண்டது. மங்கம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணெய் எடுக்க ஓடினாள். நான் விடவில்லை, பாதிக் காயைத் தூக்கி இலையில் வைத்தேன்.

இலையை வாசலில் வைத்ததும் காகம் வந்தது. பாகற்காயைத் தாண்டியது. மாத்திரையைக் கண்டு ஓர் எட்டு பின்வாங்கியது. பலாவின் முள்தோலை அலகால் இரண்டு தட்டு தட்டித் தலையைச் சாய்த்தது. பிறகு அதன் பக்கமே திரும்பாமல், அடையில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"பாத்தீங்களா அண்ணி, அண்ணன் சுகரை மறக்கல."

"இன்னா பேசுற நீ. அவரு எந்தக் காலத்துல காயைத் தின்னாரு? தட்டிப் பாத்துட்டுப் போறாரு."

அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.